பேர் எழுதாத வீடு

எங்கள் கிராம நிர்வாக அலுவலர் உத்தியோகத்தில் மழை வானத்தில் கருக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் கருத்துவிடும். குடையைத் தேடுவதற்குள் ‘உடனே அறிக்கை அனுப்பவும்’ என்று வந்து நிற்கும். இதே பாடு படுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கிராமம் திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியது.

எழுதிக்கோங்க

மழைக்காலத்துக்கு முன் வீடு வீடாகப் போய், வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு வர வேண்டியவர்கள் யார் யார் என்று எழுதுவேன். அரசாங்க நோட்டைக் கண்டாலே நம் ஜனங்களுக்கு உதவித்தொகை ஞாபகம்தான். விடியற்காலையில் மலையையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் வழிமறித்தார்: “எம் பேரையும் எழுதிக்கோங்க மேடம். எதுக்குன்னு அப்புறமா கேட்டுக்கறேன்.”

எழுதாதீங்க

எழுதியே ஆக வேண்டிய வீடு மல்லிகாவுடையது. பூக்கட்டி விற்பவள். ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கால்வாய் ஓரத்தில் மண்சுவர் வீடு. உள்ளே பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர். ஏரி நிரம்பினால் முதல் தண்ணீர் அவர் கட்டிலுக்குத்தான். மல்லிகா எனக்கு மோர் கொடுத்தாள், பேர் கொடுக்கவில்லை. “புறம்போக்குல இருக்கோம் மேடம். இன்னிக்கி மழைக்குன்னு எழுதுவீங்க. நாளைக்கி காலி பண்ணுன்னு அதே நோட்டோட வருவாங்க.”

மைக் ஆட்டோ

ரெட் அலர்ட் வந்த அன்று காலை, தாழ்வான பகுதி மக்களைப் பள்ளிக்கூட முகாமுக்கு அழைக்க ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பினேன். ஓட்டிய சேகர் வருஷம் முழுக்கக் கோயில் விசேஷங்களுக்கு அறிவிப்பு செய்கிறவர். தாளில் ‘உணவு ஏற்பாடு உண்டு’ என்று எழுதியிருந்தேன். பழக்க தோஷம், “அன்னதானம் உண்டு, அனைவரும் வருக” என்று ஊரெல்லாம் பாடிவிட்டார்.

பதினொரு மணிக்குள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பந்தி சாமியார்கள்! கால்வாய் ஓரத்து ஆள் ஒருவர்கூட இல்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்த என்னிடம் ஒரு சாமியார் ஏப்பத்தோடு வந்தார்: “கோச்சுக்காதீங்கம்மா. சாப்ட்டுட்டு சும்மாதான இருக்கோம், யாரையாச்சும் தூக்கணும்னா சொல்லுங்க.”

வெறுங்கை

மத்தியானம் ஏரி நிரம்பி வழியத் தொடங்கியது. நோட்டை முகாமிலேயே போட்டுவிட்டு, நான்கு சாமியார்களோடு மல்லிகா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் முழங்கால் தண்ணீர். அவள் என் வெறுங்கையையே பார்த்தாள். “எதுவும் எழுத வரல மல்லிகா, கெளம்பு!” என்று கத்தினேன். பயத்தில் அழுதும் விட்டேன்.

அவள் மறுபேச்சில்லாமல் மருந்துப் பையை எடுத்தாள். சாமியார்கள் கணவரைக் கட்டிலோடு தோளில் ஏற்றினார்கள். மேலே இருந்தபடி குழறிய வாயால் அவர் சிரித்தார்: “உசுரோட இருக்கும்போதே நாலு பேரு தூக்கறாங்க. குடுத்து வெச்சவன்டி நான்.”

மறுநாள்

மழை விட்டது. வீடு இருந்த இடத்தில் கதவு நிலை மட்டும் நின்றது. மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள்: “காலி பண்ணச் சொல்ல இனிமே ஒண்ணுமில்ல மேடம். மேட்டுல ஒரு எடம் பாத்துக் குடுங்க, அடுத்த மழைக்கு நானே வந்து ஊர எழுப்பறேன்.”

கேட்டவர்களை எல்லாம் ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்பிப் பழகிய நான், இப்போது மல்லிகாவின் மனுவோடு மேலதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அதே வார்த்தையை வாரம் தவறாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.