கதவுக்குப் பின்னால் காய்ந்த அரிசி

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் ஒற்று வேலை. அப்போது எனக்கு ஒன்பது வயது. வேலைக்கு அமர்த்தியது அம்மா. வேவு பார்க்க வேண்டியது சித்தியை.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே வாசலுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றொன்றில் அப்பாவின் தம்பி குடும்பம். அப்பா விடியும் முன்பே தக்காளி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். அம்மா ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேனில் போய் வந்தாள். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. என் தம்பியைப் பகலெல்லாம் சித்திதான் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு மகன், தம்பிக்குப் பதினைந்து நாள் இளையவன். வம்பு அங்கேதான் தொடங்கியது.

அந்தப் பொடியன் பதினோராம் மாதமே நடந்துவிட்டான். எங்கள் பக்கம் குழந்தை முதல் அடி எடுத்து வைத்தால் கொழுக்கட்டை அவித்துக் கொடுப்போம்; சித்தி தெருவுக்கே கொடுத்தாள். பதினாலு மாதம் முடிந்தும் என் தம்பி உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்துகொண்டிருந்தான். பேச்சு மட்டும் வந்துவிட்டது. காக்கா, தண்ணி, தா என்று எல்லாவற்றையும் இருந்த இடத்துக்கே அதிகாரமாக வரவழைத்துக்கொள்வான். ஒன்றுக்கு வாய் முந்தும், ஒன்றுக்குக் கால் முந்தும், பயப்படாதீர்கள் என்றார் அங்கன்வாடி டீச்சர். அம்மா தலையாட்டிவிட்டு வந்து, பெற்றவள் பக்கத்தில் இல்லாத பிள்ளை எப்படி நடக்கும் என்று அழுதாள். அழுது முடித்ததும் சந்தேகம் வந்தது. முட்டையும் கேழ்வரகுக் கூழும் தன் பிள்ளைக்குப் போக மிச்சம்தான் இவனுக்கா? நாளெல்லாம் தொட்டிலிலேயே போட்டு வைக்கிறாளா?

கோடை விடுமுறை தொடங்கிய அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“சித்தி வூட்டுல என்னென்ன பண்றாங்கன்னு பாத்து வெச்சுக்க. சாயங்காலம் வந்ததும் எங்கிட்ட மட்டும் சொல்லு.”

நான் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். குறை எதுவும் கிடைக்காதது எனக்குப் பெரிய ஏமாற்றம். ஒரே முட்டையைச் சரிபாதியாக மசித்து இரண்டு வாய்க்கும் ஊட்டினாள். குளிப்பாட்டும்போது இருவருக்கும் ஒரே மாதிரிதான் கால்களை நீவிவிட்டாள். இதைப் போய்ச் சொன்னால், நீ இருப்பதைப் பார்த்து நடிக்கிறாள் என்றாள் அம்மா. அதன்பின் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆள் அகப்பட்டாள். தம்பி பீரோவைப் பிடித்து எழுந்து நின்றான். கையை விட்டான். ஓர் அடி வைத்தான், இன்னோர் அடி, மூன்றாவதும் வைத்துவிட்டான். சித்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். தூக்கிக் கொஞ்சுவாள் என்று பார்த்தால், தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள். அவன் மறுபடி எழுந்தான். மறுபடி உட்கார வைத்தாள்.

“இன்னும் ரெண்டு நாளு பொறுத்துக்கடா சாமி” என்றாள்.

ஜன்னலில் என் தலையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. உள்ளே கூப்பிட்டுக் கையில் ஒரு வெல்லக்கட்டியை வைத்தாள்.

“பாப்பா, இத அம்மாகிட்ட சொல்லிராத.”

லஞ்சம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதே தெரியும். வாங்கிக்கொண்டு அறைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால், இருட்டில், வெள்ளை வேட்டி விரித்து அதில் ஈரப் பச்சரிசி பரப்பியிருந்தது. ஊரே மொட்டை மாடியில் காயவைக்க, இவள் மட்டும் ஏன் ஒளித்துக் காயவைக்கிறாள்? சித்தி சட்டென்று கதவைச் சாத்தினாள். வெள்ளைத் துணி, பச்சரிசி, இருட்டறை, இரண்டு நாள் கெடு. நான் கேட்டிருந்த செய்வினைக் கதைகளில் எல்லாம் இதே சாமான்கள்தான்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். தம்பி எழுந்தால் சித்தி அமுக்கி உட்கார வைக்கிறாள், உன்னிடம் சொல்லாமலிருக்க வெல்லம் கொடுத்தாள் என்றேன். அரிசியைச் சொல்லப் பயமாக இருந்தது. அந்த மூன்று அடியையும் சொல்லவில்லை. அம்மா எதைக் கேட்கக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் கொடுத்தேன்.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் சித்தி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“எம்புள்ளைய எந்திரிக்க விடாம அமுக்கி வெச்சியா?”

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமாங்க்கா, வெச்சேன்” என்றாள்.

ஏன் என்று எத்தனை முறை கேட்டும் பதிலில்லை. அம்மா சொல்லக்கூடாததெல்லாம் சொன்னாள். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் அம்மா லீவு போட்டுத் தம்பியை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். பத்து மணி வாக்கில் அவன் டிவி ஸ்டாண்டை விட்டுவிட்டு ஆடி ஆடி நடந்து அம்மாவின் மடியில் விழுந்தான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டு வாசலுக்கே போனாள். ஒரே ஒருநாள் நான் இருந்தேன், என் பிள்ளை நடந்துவிட்டான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். சித்தி வெளியே வந்தாள். திருஷ்டி கழித்தாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

அரைமணி நேரத்தில் ஒரு தட்டு நிறையச் சூடான கொழுக்கட்டையோடு வந்து நின்றாள். மருந்து கிருந்து வைத்திருப்பாளோ என்று, ஒன்றை அவள் மகனுக்கே முதலில் ஊட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவன் இன்னொன்று கேட்டான். பிறகுதான் நான் தொட்டேன்.

அம்மா வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்துக் கடித்தாள். பாதியில் மெல்லுவதை நிறுத்தினாள். கல் கடிபட்டது என்று நினைத்தேன்.

“மாவு எப்ப அரைச்ச?”

“நேத்து மத்தியானமேங்க்கா.”

அம்மா சித்தியை நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்ததைத் தின்றாள். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை தம்பியைக் கொண்டுபோய்ச் சித்தியின் இடுப்பில் வைத்துவிட்டு வேனுக்குப் போனாள். சாயங்காலம் நான் சேதி சொல்லப் போனபோது, போய் விளையாடு என்றாள். என் உத்தியோகம் அத்தோடு போயிற்று. சித்தி அம்மாவை எதையோ வைத்து மயக்கிவிட்டாள் என்று பள்ளி திறக்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்றும் விசேஷ வீடுகளில் அம்மா அந்தக் கதையைச் சொல்வாள்: நான் லீவு போட்ட அன்றுதான் இவன் நடந்தான். பக்கத்தில் இருக்கும் சித்தி, “ஆமாங்க்கா” என்பாள். அப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை.

இப்போது நானும் வேலைக்குப் போகிறேன். போன மாதம் என் மகள் முதல் அடி வைத்ததை, அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா போனில் படம் பிடித்து அனுப்பினாள். நல்ல மனசோடுதான் அனுப்பினாள். பஸ்ஸில் நின்றபடியே திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டாளே என்று அந்த அக்கா மேல் ஒரு நிமிடம் கோபம்கூட வந்தது. அப்போதுதான் சித்தி ஞாபகத்துக்கு வந்தாள். காலையிலேயே நடந்துவிட்டான் என்ற ஒரு வார்த்தையில் அவள் தப்பித்திருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை அவள் என் தம்பியிடம் கேட்டது இரண்டே நாள். இரண்டு நாள் கழித்து வர இருந்தது ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டில் இருக்கும் நாள்.