பவானியின் நீலப் பந்தல்

பவானி வரையாத மயில் தேனி மாவட்டத்தில் இல்லை என்றே சொல்லலாம். பள்ளிக்கூடச் சுவர், பால்வாடிச் சுவர், கல்யாண மண்டபச் சுவர் என்று இருபது வருடமாக அவள் ஏறாத சாரம் கிடையாது. கேட்டவர்களுக்குக் கேட்டதை வரைந்து கொடுத்தாள். தனக்காக வரைந்தவற்றை மட்டும் பழனிசெட்டிபட்டி வீட்டில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லி அலுத்துப்போயிருந்தது.

அந்தப் படங்களை அவள் வரையும் விதமே தனி. கம்பம் பக்கம் ஏதாவது திராட்சைத் தோட்டத்துக்குப் போவாள். கொடி படர்ந்த பந்தலுக்கு அடியில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வாள். பென்சில், பேப்பர் எதுவும் கொண்டுபோவதில்லை. பார்த்துவிட்டு வந்து சில நாள் சும்மா இருப்பாள். இலையின் நரம்பு, கல்தூண், கம்பி எல்லாம் ஒவ்வொன்றாக மறந்துபோகும். மறக்க விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிற நிறங்களை மட்டும் எடுத்து வரைவாள்.

கம்பத்து ஏலக்காய் வியாபாரி அழகுமலை புதிதாக ஒரு மண்டபம் கட்டினார். சாப்பாட்டுக் கூடத்துப் பெரிய சுவரைப் பவானியிடம் ஒப்படைத்து, "நம்ம ஊரை வரைஞ்சிரு தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கக் கேரளாவுக்கு வண்டியேறினார். அத்தனை பெரிய சுவர். பக்கத்தில் நின்று அதட்ட ஆளில்லை. பவானி துணிந்துவிட்டாள்.

திரும்பி வந்த அழகுமலை சுவரைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். நீலமும் சாம்பலும் கலந்த பெரிய பெரிய திட்டுகள், நடுவில் அங்கங்கே வெள்ளை வெளிச்சம். மலையைக் காணோம், வயலைக் காணோம். "திராட்சைப் பந்தலுண்ணே" என்றாள் பவானி.

"எல எங்கனயாச்சும் நீலமா இருக்குமா? நாளைக்கு மொதக் கல்யாணம், இனி ஒண்ணும் செய்ய முடியாது. முடிஞ்சதும் வெள்ளையடிச்சிட்டு ஒரு அருவியப் போட்டுக் குடுத்துரு."

பவானி தூரிகைகளைக் கட்டி எடுத்துக்கொண்டாள். ஊர் பார்க்கட்டும் என்று முதல்முறையாக வரைந்த சொந்தப் படம் ஒரே ஒரு கல்யாணத்தோடு போய்விடும். அந்த ஒரு நாளையாவது கண்ணால் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் போய், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த திராட்சை விவசாயி சின்னக்கருப்பு, சோற்றைப் பிசைந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"ஏ ராமுத்தாயி, அங்கன பாரு, நம்ம தோட்டம்" என்றார் பக்கத்திலிருந்த மனைவியிடம். "மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடிச்ச மறுநா, அடியில நின்னு பாத்தா எல பூரா இப்படித்தான நீலம் பூத்துக் கெடக்கும்."

எதிர்வரிசையில் இருந்த அவர் மைத்துனர் வேலுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க பந்தல்ல எங்கன இம்புட்டு வெளிச்சம் விழுது மச்சான்? கொடிய ஒழுங்கா கவாத்து வெட்டுனாத்தான விழும். இது என் தோட்டம்."

"என் கவாத்தக் கொற சொல்ல வந்துட்டியா நீயி?"

சாம்பார் வாளியோடு வந்தவர் ஊற்றாமல் நின்றுவிட்டார். ஆளுக்கொரு கட்சி சேர்ந்தது. அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்களும் உள்ளே வந்து வழக்கில் கலந்துகொண்டார்கள். யாரோ பவானியைக் காட்டிக்கொடுக்க, இருவரும் எச்சில் கையோடு எழுந்துபோய் அவளிடம் நியாயம் கேட்டார்கள்.

"ரெண்டு பேரு தோட்டத்துக்கும் நான் வந்ததே இல்லண்ணே" என்றாள்.

அவர்கள் நம்புவதாக இல்லை. வராமல் எப்படி வரைய முடியும் என்று கேட்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சியானார்கள். பவானிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அவள் மறந்துவிட்டதை எல்லாம், இலை, கம்பி, கவாத்து உட்பட, இவர்களே போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இதைவிட என்ன வேண்டும் ஒருத்திக்கு?

பந்தி ஓய்ந்ததும் அழகுமலை வந்தார். அந்தச் சுவரைத் தானே வரைந்தது போல நெஞ்சை நிமிர்த்தி நடந்துவந்தார். வெள்ளையடிக்கிற பேச்சையே எடுக்கவில்லை.

"வந்தவுக பூராம் ஒன்னயத்தான் கேட்டாக. எதுத்த சுவரும் சும்மாதான கெடக்கு."

"செய்றேண்ணே. ஆனா முடியுற வரைக்கும் நீங்க உள்ள வரக் கூடாது."

"என்னத்த வரையப் போறன்னாச்சும் சொல்லு தாயி."

"எனக்கே இன்னும் தெரியாதுண்ணே."

அழகுமலை இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து மண்டபத்துச் சாவியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.