பதினாறாம் பிறந்தநாளுக்கு அப்பா அழைத்தவர்கள்

போன வாரம் சிங்கப்பூரின் தெம்பனிஸ் கடைத்தொகுதியில் ஒரு கேக் கடையைத் தாண்டும்போது வெண்ணெய்க் கிரீம் வாசனை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ரோஸ் நிறப் பூக்கள், பல்லை உடைக்கும் வெள்ளி நிறச் சர்க்கரை உருண்டைகள். 'பழைய காலத்துக் கேக்' என்று பலகை வேறு. அடப்பாவிகளா, நான் பழைய காலமாகிவிட்டேனா!

எழுபதுகளின் கடைசியில், குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் என் பதினாறாம் பிறந்தநாளுக்கு வந்தது இதே கேக்தான். ஆனால் கேக்கா பெரிது? எனக்கு வேண்டியிருந்தது பெரியவர்கள் யாருமில்லாத ஒரு சாயங்காலம். பள்ளித் தோழிகள் சியூ லானும் ரொக்கையாவும் இன்னும் நாலைந்து பேரும் வர, கேசட் போட்டு ஆட வேண்டும். பரீட்சை முடிந்தால் ஆளுக்கொரு திசை. அதற்குள் ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான்.

அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையே நம்பாதவர், என் தோழிகளை நம்பிவிடுவாரா?

"அந்தப் பிள்ளைங்க வீட்டுல அண்ணன்மாரு இருக்காங்களா?"

"இருந்தா என்னப்பா?"

"கூட்டிட்டுப் போக வருவான் லா."

அதற்குமேல் விளக்கம் கிடையாது. வராத அண்ணன்மார்களை நினைத்து அம்மா சன்னல் திரையையெல்லாம் துவைத்துப் போட்டார். எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"நேர்ல பாத்து விசாரிச்சிட்டு வந்துடறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்த கையோடு அப்பா கிளம்பினார். முழுக்கைச் சட்டை, சிராங்கூன் ரோட்டில் வாங்கிய முறுக்குப் பொட்டலம். வழிகாட்ட நான். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விறைப்பாகப் போகமாட்டார்கள். என் மானம் பேருந்திலேயே போய்விட்டது.

சியூ லானின் அப்பா காய்கறிக் கடைக்காரர். அரைகுறை மலாயில் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப அவருக்கும் மனசில்லையாம். தன்னைப் போலவே பயப்படும் ஒருவரைக் கண்டதும் அப்பா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே!

"நல்ல மனுஷன்மா. அவரும் வர்றேன்னு சொல்லிட்டாரு."

ரொக்கையா வீட்டில் அவள் அம்மா, சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார். இப்படியே வீடு வீடாக அப்பா என் விருந்தைப் பறிகொடுத்துவிட்டு வந்தார்.

பிறந்தநாளன்று சாயங்காலம் கூடத்து நாற்காலிகளெல்லாம் பெற்றோர்களுக்கு. எல்லா விளக்கும் எரிந்தது. பிள்ளைகள் வழிதவறாதிருக்க அப்பா நீளமாக ஜெபித்தார். சியூ லானின் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லாரும் முடித்தபிறகு தனியாக ஓர் 'ஆமென்' போட்டார். என் கேசட் ஒரு நிமிடம் பாடியது. ரொக்கையாவின் அம்மா முகம் சுளித்து, தன் கைப்பையிலிருந்து மலாய் ஜோகெட் ஆட்டப்பாட்டுக் கேசட்டை எடுத்துப் போட்டார். அப்புறம் கேட்கவேண்டுமா! ஆட்டம் என்றாலே அலறும் என் அப்பா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படி ஆடினார். அம்மா கைதட்டினார். நாங்கள் அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

எட்டிப் பார்த்துவிட்டு சியூ லான் சொன்னாள்: "யுவர் ஃபாதர் கேன் டான்ஸ், லா!"

பரீட்சைக்குப் பிறகு நாங்கள் உண்மையாகவே சிதறிப்போனோம். பெரியவர்கள் சிதறவில்லை. ஞாயிறுதோறும் அப்பாவும் சியூ லானின் அப்பாவும் கோப்பிக் கடையில் உட்கார்ந்து எங்களைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அப்பா இறந்தபோது, உடலை வைத்திருந்த மூன்று நாளும் அந்தக் காய்கறிக் கடைக்காரர் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் எங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். சியூ லான் ஆஸ்திரேலியாவில் இருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் புளோக்கை இடித்துவிட்டார்கள். அன்று வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கடைசியாக ரொக்கையாவின் அம்மா. பெரியவர்கள் யாருமில்லாத ஒரு சாயங்காலம் கேட்டேன் அல்லவா? இப்போது எனக்கு எல்லாச் சாயங்காலமும் அப்படித்தான்.