அப்டேட்டில் போன குரல்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி தமிழில் வாய்விட்டுப் படிக்கும், நான் கேட்டுக் கேட்டு வேலை செய்வேன். சென்னைக் கம்பெனி ஒன்று கட்டும் வெப்சைட்டுகள் என்னைப் போன்றவர்களுக்கு உதவுமா என்று சோதித்துச் சொல்லும் வேலை. செஞ்சியில் வீட்டிலிருந்தபடி எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அது போனால் ஒரு சோப்பு வாங்கக்கூட மறுபடி அண்ணனிடம் கை நீட்டவேண்டும்.

ஒரு அமாவாசையன்று அப்டேட் போட்டேன். கணினி ஊமையாகிவிட்டது.

கூத்தைப் பாருங்கள், அதைச் சரிசெய்ய அது பேசியாக வேண்டும்! வேறு வழியில்லாமல், திரையில் வரும் பிழையைப் படித்துச் சொல்ல அண்ணியைப் பிடித்து உட்கார வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் ஹாரனை விடாமல் அமுக்கின. "எஸ்சு, ஓ, புள்ளி, அஞ்சு... இல்லன்னு சொல்லுதும்மா. இன்னாது அஞ்சு?" என்று அண்ணி கத்தினார்.

ஒலிக்கென்று கணினிக்குள் ஒரு பொது நிரல் லைப்ரரி உண்டு. பல மென்பொருள்கள் அதையே பகிர்ந்துகொள்ளும். அப்டேட் அதன் ஐந்தாம் பதிப்பைத் தூக்கிவிட்டு ஆறாம் பதிப்பை வைத்துவிட்டது. மற்றதெல்லாம் புதுசுக்கு மாறிவிட்டது, எனக்குப் படித்துக் காட்டும் குரல் மட்டும் பழசைத் தேடிக்கொண்டு நின்றது.

அந்தக் குரலைச் செய்தது ஒரு தமிழ்க் குழு. மேடை ஏறினால் தமிழுக்காக உயிரையே தருகிறவர்கள். போனில் அவர்களிடம் கேட்டேன். "புது லைப்ரரிக்கே பழைய பெயரில் ஒரு லிங்க் போடுங்கள், அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. போட்டேன். பேசியது! மறுநாள் மீட்டிங்கில் எல்லோரும் காத்திருக்கும்போது பாதி வார்த்தையில் செத்து விழுந்தது.

"டெஸ்ட் பண்ற சிஸ்டமே ஓடலன்னா எப்படிங்க? திங்கக்கிழமைக்குள்ள பாருங்க, இல்லன்னா நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார் மேனேஜர்.

பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? சொன்ன மகராசன் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பானா?

குரலின் மூலநிரலை இறக்கி, புதிய லைப்ரரியோடு சேர்த்து நானே மறுபடி கட்ட உட்கார்ந்தேன். பிழை மேல் பிழை. அண்ணி படிப்பார், நான் திருத்துவேன். போகப் போக அண்ணிக்கே அது பிடிபட்டுவிட்டது. "அங்க கொழம்பு தீயுது, இங்க எவனோ மூணு கேக்குறானாம், நீ ரெண்டுதான் குடுக்குறியாம். குடுத்துத் தொலையேன்!"

புது லைப்ரரி கேட்ட அந்த மூன்றாவது மதிப்பையும் கொடுத்தேன். குரல் வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். திங்கட்கிழமை வேலையும் தப்பியது.

நான் பட்ட பாடு இன்னொருவர் படவேண்டாம் என்று, திருத்தத்தை விளக்கத்தோடு குழுவுக்கு அனுப்பினேன். பதில் வந்ததும் ஆசையாகத் திறந்தேன். நான் மீட்டெடுத்த அதே குரல் அதை எனக்கு நிதானமாகப் படித்தது.

"தங்கள் திருத்தத்துக்கு நன்றி. இக்குரலைப் பயன்படுத்துவோர் எவரும் இல்லாததால் அடுத்த வெளியீட்டிலிருந்து இதை நீக்குகிறோம். வாழ்க தமிழ்."

அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டார், "இன்னாம்மா சொல்லுது?"

"நான் இல்லவே இல்லையாம் அண்ணி" என்றேன்.