பதினான்காம் கட்டில்

ஸூலுலாந்து மலைப்பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பதினேழு வருஷமாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் மடோடா. அந்தச் சம்பளத்தில் ஆறு வயிறு நிறைகிறது. அதனாலேயே வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டவர். டாக்டர் திட்டினாலும் சரி, நோயாளியின் ஆட்கள் திட்டினாலும் சரி, தலையை ஆட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டே போவார். அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வசமாக மாட்டிவிட்டார்கள்.

நான்கு நாள் முன்னால் இறந்துபோன ஸிகாலியைக் கூட்டிப்போக அவருடைய அண்ணன் வந்திருந்தார், கையில் இலந்தைக் கிளையோடு. உடம்பைப் பிணவறையில் வாங்கிக்கொள்ளலாம். ஆவியை அப்படி வாங்க முடியுமா? உயிர் பிரிந்த அதே இடத்தில் கிளையை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்; அப்போதுதான் ஆவி கிளையில் ஏறி வீட்டுக்கு வரும். இடம் தப்பினால் செத்தவர் அங்கேயே கிடந்து தவிப்பார். கடைசி நேரத்தில் தம்பியோடு இருந்தவரையும் பார்க்க வேண்டும் என்று அண்ணன் கேட்டிருந்தார். அது மடோடாதான்.

வார்டு சிஸ்டர் நொம்கோசியும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். பதினான்காம் கட்டிலில் இருந்த நோயாளியை வேறிடம் மாற்றி, புது விரிப்பு போட்டு, திரையை இழுத்துவிட்டு, எல்லாம் மரியாதையாகவே செய்திருந்தார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஸிகாலி அந்தக் கட்டிலில் சாகவே இல்லை. கட்டில் காலியில்லை என்று எக்ஸ்ரே அறை வாசலில், ஸ்ட்ரெச்சரிலேயே ஐந்து மணி நேரம் கிடந்து செத்தார். ரெஜிஸ்டரில் மட்டும் கட்டில் கிடைத்துவிட்டது.

"பாபா, கேட்டா பதினாலுன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்" என்று சிஸ்டர், அப்பா முறை வைத்துக் கூப்பிட்டு, மடோடாவிடம் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார். மடோடாவும் தலையை ஆட்டியிருந்தார்.

அண்ணன்காரப் பெரியவர் கட்டிலருகே முழங்காலிட்டார். கிளை விரிப்பை நோக்கி இறங்கியது. அன்று ஸிகாலி நான்கு தடவை தண்ணீர் கேட்டதும், கட்டில் வந்துவிடும் என்று நான்கு தடவையும் தான் பதில் சொன்னதும் மடோடாவுக்கு ஞாபகம் வந்தது.

"அங்க இல்ல, பாபா."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மடோடா முன்னால் நடந்தார், பெரியவர் பின்னால் வந்தார். எக்ஸ்ரே வாசலில் வரிசையில் நின்றவர்கள் கிளையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி ஒதுங்கினார்கள்.

"இங்கயா? எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணி நேரம், பாபா."

பெரியவர் குனிந்து சிமெண்டுத் தரையில் கிளையை வைத்தார். "ஸிகாலி, எழுந்திரு. உன்ன வழியில போட்டு வச்சிருந்தாங்களாமே. வாடா தம்பி, வீட்டுக்குப் போவோம்" என்று கிளையைக் கையில் எடுத்தார்.

கிளையை எடுத்துவிட்டால் வீடு போய்ச் சேரும்வரை செத்தவரைத் தவிர வேறு யாரோடும் பேசக் கூடாது. அது மடோடாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தாங்க முடியாமல் குறுக்கே போய் நின்றார்.

"நான்தான் தள்ளிட்டு வந்தேன். தண்ணி கேட்டார், குடுக்கல. மன்னிச்சிடுங்க, பாபா."

பெரியவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "படி இருக்கு தம்பி, பாத்து வா" என்று சொல்லியபடி இறங்கிப் போனார்.