காமு கொட்டாத தண்ணீர்

என் மனைவி காமுவுக்கு முந்தின நாள் தண்ணீர் ஆகாது. கல்கத்தா பவானிபூரில் எங்கள் மாடி ஜாகையில், விடிந்ததும் குடம், தவலை எல்லாவற்றையும் கவிழ்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். குழாயடியில் புதுத் தண்ணீர் பிடித்து வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவாள். அவள் போய் இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவள் கொட்டாமல் விட்ட ஒரே தண்ணீர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தலைநகரம் டில்லிக்குப் போன மறு வருஷம் அது. அடுத்த வீட்டு ஹேமாங்கினியை நாங்கள் மாசிமா, அதாவது பெரியம்மா, என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய ஒரே மகன் அமூல்யன் டைபாய்டில் இறந்துபோனான். காலேஜில் படித்துக்கொண்டிருந்த பையன். கண்ணாடித் தொட்டியில் ஏழு தங்க மீன்கள் வளர்த்தான். துக்கம் தாங்காமல் மாசிமாவும் அவள் கணவரும் காசிக்குப் புறப்பட்டபோது, தொட்டியை எங்களிடம் கொண்டுவந்து வைத்தார்கள்.

"துர்கா பூஜைக்கு முன்னால் வந்துவிடுவேன், பௌமா. அவன் விட்டுப்போன உயிர் இவ்வளவுதான்" என்றாள் மாசிமா வங்காளியில். பௌமா என்றால் மருமகள். காமுவுக்கு அப்போது அரைகுறை வங்காளிதான் தெரியும். அந்த வார்த்தைகள் மட்டும் முழுசாகப் புரிந்துவிட்டன.

கீழே குடியிருந்த வீட்டுக்காரர் படியில் நின்று சிரித்தார். "கடைசியில் மதராசி வீட்டுக்குள்ளும் மீன் வந்தாச்சா! குழம்புக்குக் கடுகு அரைக்கச் சொல்லட்டுமா?"

"இவர் கண்ணு படறதுக்கு முன்னாடி ஒரு துணியப் போட்டு மூடணும்" என்று காமு என் காதில் முணுமுணுத்தாள்.

மறுநாளே அவள் மீன்களை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டியைக் கவிழ்த்து, பாசி ஒட்டிய கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பினாள். விருந்தாளிகளுக்குப் பரிமாறுவதைப் போல ஒரு பிடி சாதமும் போட்டாள். சாயங்காலத்துக்குள் தண்ணீர் கஞ்சியாக வெளுத்தது. அடுத்த நாளும் கவிழ்த்தாள், தேய்த்தாள், நிரப்பினாள். மூன்றாம் நாள் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. சுத்தம் போதவில்லை என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள். மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்தபோது, பசி என்று நினைத்து இன்னும் சாதம் போட்டாள். ஐந்தாம் நாள் இன்னொன்று போயிற்று.

அன்று அவள் சாப்பிடவில்லை. மாசிமாவுக்குக் கடிதம் எழுதிவிடலாமா என்று கேட்டேன். பின்கட்டு ஜன்னல் வழியாக, வீட்டுக்குப் பின்னாலிருந்த குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் கழித்துத் திரும்பினாள்.

"ஏன்னா, அந்தக் குளத்த யாரு தேய்க்கறா?"

"யாரும் தேய்க்கறதில்ல."

"சாதம் போடறது யாரு? பின்ன எப்படி அத்தனை மீன் இருக்கு?"

நான் எஃப்.ஏ. பரீட்சையில் தாவர சாஸ்திரம் எழுதித் தேறியவன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அன்றே குளத்தில் இறங்கி, வேரோடு நாலு கொத்து நீர்ப்பாசியும், வாழை இலையில் வைத்து இரண்டு நத்தையும் கொண்டுவந்தாள். நத்தையைத் தொட்டதற்காகத் தலைக்குக் குளித்தாள். கழுவிய மணலைத் தொட்டியின் அடியில் பரப்பி, பாசியை நட்டு, கிழக்கு ஜன்னலருகே வைத்தாள். சாதத்தை நிறுத்திவிட்டுச் சிட்டிகைப் பொரியை நொறுக்கிப் போட்டாள். அது தீர்ந்தால்தான் அடுத்த சிட்டிகை. அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவளுக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். தண்ணீர் மறுபடி வெளுத்தது, லேசாக நாறவும் செய்தது. தினமும் மற்றப் பாத்திரங்களைத் தேய்த்துவிட்டு, ஈரக் கையோடு தொட்டிக்கு முன்னால் வந்து நிற்பாள். நாலாம் நாள் தாங்க முடியாமல் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தேவிட்டாள். ஒரு மீன் பயந்து பாசிக்குள் ஒளிந்தது. தொட்டியை மெதுவாக நிமிர்த்தி வைத்தாள்.

பதினோராம் நாள் காலை "இங்க வாங்கோளேன்" என்று கூப்பிட்டாள். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் போய்ப் பார்த்தேன். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. அவ்வளவு தெளிவு. ஐந்து மீன்களும் வெறும் வெளிச்சத்தில் நீந்துவதைப் போல இருந்தன. ஜன்னல் வெயில் பட்ட ஒவ்வொரு பாசி இலையின் நுனியிலிருந்தும் வெள்ளி மணிகள் சரம்சரமாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. பிராணவாயு. வெயிலில் செடிகள் அதை வெளிவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவன், அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். எனக்கு டிராம் போய்விட்டது.

"நான் ஒண்ணுமே பண்ணலயே" என்றாள் காமு, கோவிலில் பேசுகிற குரலில்.

பூஜைக்கு நாலு நாள் முன்னால் மாசிமா வந்தாள். காமு அவளை உட்காரக்கூட விடாமல் சொல்லிவிட்டாள்: "ரெண்டு போயிட்டுது மாசிமா. என்னாலதான்." மாசிமா தொட்டியருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அவன் இருந்தபோதுகூட இந்தத் தண்ணீர் இப்படி இருந்ததில்லை, மா" என்றாள். மூன்று மீன்களைக் குடத்தில் எடுத்துக்கொண்டு இரண்டை விட்டுப் போனாள். தொட்டியையும் விட்டுவிட்டாள். பழைய தண்ணீரில் பாதியைக் காமுவே அவள் குடத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அந்த இரண்டில் ஒன்று இன்னும் இருக்கிறது.

போன வாரம் காமுவின் பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினார்கள். காமுவின் தம்பி பட்டாபிராமன் கடைசியில் தொட்டியின் விளிம்பைப் பிடித்தான்.

"அது இருக்கட்டும், பட்டாபி."

"தீட்டுத் தண்ணி, அத்திம்பேர். அக்காவே வச்சிருக்க மாட்டா."

"உங்க அக்கா இத ஒம்பது வருஷமா கவுத்ததே இல்லை."

அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். "பின்ன எப்படித்தான் சுத்தம் பண்ணுவா?"

அவர்கள் கொட்டாமல் விட்ட மண்பானையில், நான் முந்தின நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் காட்டினேன். "நாலுல ஒரு பங்க மொண்டு கொட்டிட்டு, இத விடுவா. மிச்சத்த அதுவே பார்த்துக்கும்பா."

பட்டாபிராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குந்தினான். சொம்பு சொம்பாக நாலில் ஒரு பங்கு மொண்டு கொட்டினான். பானைத் தண்ணீரை மணல் கலங்காமல் விட்டான். பிறகு, எழுந்திருக்காமல், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.