துருப்பிடிக்காத இரும்புக்கு ஒரு சாணைக்கல்

பார்வைக்கு எல்லாச் சாணைக்கல்லும் ஒன்றுதான். இரும்பை வைத்துப் பார்த்தால்தான் எது கல், எது கழுத்தறுப்பு என்று தெரியும். கண்ணில் இரும்புத்தூள் விழுந்து அழுத அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் மேலே படியுங்கள், நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

கித்துல்கலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் ஆலையில், நான் ஃபிட்டர். சிங்களவர் மேஸ்திரியைக் கூப்பிடுகிற மாதிரியே எல்லோருக்கும் நான் ‘பாஸ்’. சீமையிலிருந்து துருப்பிடிக்காத இரும்பில் பால் வடிகட்டும் சட்டங்கள் புதிதாக வந்தன. மூட்டெல்லாம் கரடுமுரடு. அதில் ஒட்டிக் கட்டியான பால், ஷீட்டில் புள்ளி புள்ளியாக விழுந்தது. கொழும்பிலிருந்து மேற்பார்வைக்கு வரும் துரை, அடுத்த தடவையும் புள்ளி இருந்தால் ஆலைப் பொறுப்பிலிருக்கும் ஸ்டோர் ஐயாவுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலை போனால் ஐயாவின் குடும்பம் இருக்கும் வீடும் போகும். மூட்டுகளை வழவழப்பாக்க வேண்டியவன் நான். எனக்குப் பயமில்லை, சரியான கல் மட்டும் வேண்டும்.

தேயும் கல்

கத்தி தீட்ட மெஷினில் சுழலும் பழைய கல்லில் ஒரு சட்டத்தை வைத்துப் பார்த்தேன். இரும்பு சூடேறி நீலம் பாய்ந்தது, கல்லும் மழுங்கிப் போனது. இந்த இரும்புக்கு மெத்தென்ற கல்தான் தோது. மழுங்கிய மணிகள் உதிர உதிரப் புது மணி வெளியே வரும், சூடும் அவ்வளவாக ஏறாது.

இரத்தினபுரி இரும்புக்கடை முதலாளி கெட்டியான கற்களாகவே எடுத்துப் போட்டார். நான் மசியவில்லை. கடைசியில் மூலையிலிருந்து ஒரே ஒரு வெள்ளைக் கல் வந்தது. நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டுத் தட்டினேன். கணீரென்றது, கீறல் இல்லை. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தேயாத கல்லு கையில இரிக்கி, தேயிற கல்லுதான் வேணும்கிறீங்க, தோட்டத்துல எல்லாருக்கும் பைத்தியமா தம்பி?”

துருப்பிடிக்காதது துருப்பிடித்தது

முதலில் முடித்த சட்டங்களில் மறுநாளே பழுப்புப் புள்ளிகள். ஸ்டோர் ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. எவனோ பால்வெட்டும் கத்தியை வெள்ளைக் கல்லில் தீட்டியிருக்கிறான். கல்லில் ஏறிய சாதா இரும்புத்தூள் சட்டத்தில் ஒட்டி, அதுதான் துருப்பிடித்திருக்கிறது.

பால்வெட்டுக்காரர்களை மேய்க்கும் பெரியசாமி கங்காணி, பளபளக்கும் கத்தியோடு எதிரே வந்தார். அவரேதான்! கத்தித் தீர்த்தேன். பிறகு கல்லின் முகத்தைச் சீவி எடுத்துவிட்டு, சட்டங்களை மறுபடி தேய்த்தேன். கங்காணி கொஞ்சமும் அசரவில்லை: “அம்புட்டு வெள்ளையா அழகா இருந்துச்சுங்க பாஸ், பழைய கல்லுல தீட்ட மனசே வரலைங்க.”

கல்லுக்குப் பொட்டு

இன்னும் பாதிச் சட்டங்கள் பாக்கி, துரை வர இரண்டே நாள். நடுவே ஆயுத பூஜை. மெஷினுக்கு எங்கே வேண்டுமானாலும் பொட்டு வையுங்கள், கல்லைத் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனேன். கேட்டால்தானே! கங்காணி கல் முழுக்கச் சந்தனம் அப்பி, செம்பு நிறையப் பன்னீரையும் ஊற்றிவிட்டார். கல் குடித்த ஈரமெல்லாம் ராத்திரியில் அடிப்பக்கமாக இறங்கி, ஒரு பக்கம் கனத்துவிட்டது. மறுநாள் காலை ஓட்டினால் மேசையே ஆடுகிறது. அப்படி ஆடும் கல் வெடித்தால் ஆளைக் கொன்றுவிடும்.

சட்டென்று நிறுத்திக் கழற்றினேன். வேறு கல் கிடையாது, வெளியிலோ அடைமழை. சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தின் வெளிச்சுவர் ஓரம், இளஞ்சூட்டில் வைத்தேன். ஸ்டோர் ஐயா நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்தார். மத்தியானம் தாண்டித் தட்டினேன், கணீரென்றது. மாட்டி ஓட்டினேன், ஆட்டமில்லை. இருட்டுமுன் எல்லாச் சட்டமும் முடிந்தது.

துரை வந்தார். கைக்குட்டையை மூட்டில் இழுத்துப் பார்த்தார், ஒரு நூல் மாட்டவில்லை. அன்று காலை அடித்த ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. தலையசைத்துவிட்டு நடந்தார். ஸ்டோர் ஐயா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அந்த நேரம் பார்த்துக் கங்காணி என் தோளைத் தட்டினார்: “பாத்தீங்களா பாஸ், கல்லுக்குப் பொட்டு வச்சது வீண் போகலைங்க!”

ஆக, நல்ல கல்லைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான், அதை நம்மேல் பிரியமுள்ளவர்களிடமிருந்து காப்பாற்றுவது மீதி வேலை.